அமெரிக்கா பொறந்த காலத்து டைரியும் லெட்டரும்: எங்க ஆரம்பிக்கணும், எப்படி படிக்கணும், முழு வழிகாட்டி

அமெரிக்க வரலாறுன்னா நம்ம பெரும்பாலும் வாஷிங்டன், ஜெஃபர்சன், அங்கேர்ந்து நேரா லிங்கன்னு தாவிடுவோம், நடுவுல மேற்குப் பக்கம்னு சொன்னா சினிமால பார்த்த கௌபாய் துப்பாக்கிச் சண்டைதான் ஞாபகம் வரும். ஆனா 1776-லேர்ந்து 1850-கள் வரைக்கும் அங்க வாழ்ந்த சாதாரண ஜனங்க, பதினஞ்சு வயசுல பட்டாளத்துல சேர்ந்த பையன், ஆத்தத் தாண்டிப் போய் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, வயித்துல புள்ளயோட கூண்டு வண்டியில 5 மாசம் பயணம் போன அம்மா, இவங்கள்லாம் தன் கையால எழுதி வச்சது இன்னிக்கு காசே இல்லாம இன்டர்நெட்ல படிக்கக் கெடைக்குது. நான் சில வருஷமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஒரு மணி நேரம் இதத்தான் படிக்கிறேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம் ஒண்ணுதான்: எந்தப் பக்கத்த தொறந்தாலும் முதல்ல ரெண்டு கேள்வி கேக்கணும், இது எப்ப எழுதுனது, பேனா யார் கையில இருந்துச்சு. கீழ சொல்ற எல்லா படியும் இந்த ரெண்டு கேள்விலேர்ந்துதான் வருது.

படி 1: ஒரே ஒரு ஆள புடிங்க

"அமெரிக்கப் புரட்சி", "மேற்கு நோக்கிய குடியேற்றம்"னு தலைப்பு வச்சு சர்ச் பண்ணா லட்சக்கணக்குல வந்து விழும், ரெண்டு நாள்ல விட்டுடுவீங்க. அதுக்குப் பதிலா ஒரு மனுஷனோ மனுஷியோ எடுத்துக்கிட்டு அவங்க கூடவே ஒரு மாசம் இருங்க.

சின்னதா ருசி பார்க்கணும்னா மூணே மூணு லெட்டர் போதும். 1776 மார்ச் 31-ஆம் தேதி அபிகெயில் ஆடம்ஸ், அப்ப காங்கிரஸ்ல (அவங்க நாட்டுப் பிரதிநிதிங்க சபை) இருந்த தன் புருஷன் ஜான் ஆடம்ஸுக்கு எழுதுன லெட்டர், புதுசா சட்டம் போடும்போது பொம்பளைங்கள நெனைச்சுக்கோங்க, புருஷன்மார் கையில அளவில்லாத அதிகாரத்தக் குடுத்துடாதீங்கன்னு கேக்கறாங்க. ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் பதில் எழுதறார், எனக்கு சிரிப்புதான் வருதுன்னு. இதோட நிறுத்தாதீங்க, ஏப்ரல் 27-ஆம் தேதி அபிகெயில் தன் சிநேகிதி மெர்சி ஓடிஸ் வாரனுக்கு இதப் பத்தி எழுதுன மூணாவது லெட்டரையும் படிங்க. பல பேர் முதல் லெட்டரோட ஒரு வரிய மட்டும் எடுத்து போஸ்டர் போடுவாங்க, மூணையும் சேர்த்துப் படிச்சாதான் அந்த வீட்டுக்குள்ள என்ன பேச்சு நடந்துச்சுன்னு தெரியும். இந்த மாதிரி லெட்டர்லாம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்னு அமெரிக்க நேஷனல் ஆர்கைவ்ஸ் நடத்துற வெப்சைட்ல இருக்கு. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜே இவங்களோட பேப்பர்கள் 1.8 லட்சத்துக்கும் மேல டைப் பண்ணி வச்சிருக்காங்க, யார் எழுதுனது, யாருக்கு, எந்தத் தேதின்னு பிரிச்சுத் தேடலாம்.

நீண்ட துணைக்கு நான் சொல்றது மார்த்தா பலார்ட். மெயின் பகுதியில, அப்ப அது மாசசூசெட்ஸோட ஒரு பகுதி, கெனபெக் ஆத்தங்கரையில ஹாலோவெல்ங்கற ஊர்ல இருந்த மருத்துவச்சி. 1785 ஜனவரிலேர்ந்து 1812 மே வரைக்கும் 27 வருஷம் கிட்டத்தட்ட ஒரு நாள் விடாம டைரி எழுதியிருக்காங்க, அதுல 816 பிரசவம் பதிவாகியிருக்கு. எல்லைப்புறம்னா மேற்கு மட்டும்தான்னு நெனைக்கிறோம் பாருங்க, அந்தக் காலத்துல இந்தப் பக்கமும் எல்லைப்புறம்தான், காடு வெட்டி மரம் அறுத்து புதுசா குடியேறுன இடம். ஒவ்வொரு நாளும் முதல்ல வானிலை, அப்புறம் வீட்டுல யார் என்ன வேலை செஞ்சாங்க, தறியில என்ன நெசவு, யாருக்கு காய்ச்சல், யார் வீட்டுக்குப் போனேன், கூலி எவ்ளோன்னு நாலஞ்சு வரி. ஆறு உறைஞ்சு கெடந்தா பனி மேல நடந்து போவாங்க, பனி உருகுனா சின்னப் படகுல போவாங்க. இதுல ஒண்ணுமில்லன்னு தோணும், ரொம்ப நாள் வரலாறு எழுதறவங்களும் அப்படித்தான் இத ஓரமா வச்சுட்டாங்க. இந்த டைரி அவங்க வம்சத்துல வந்த ஒரு பெண் டாக்டர் கைக்குப் போய், அவங்க 1930-ல மெயின் ஸ்டேட் லைப்ரரிக்குக் குடுத்ததாலதான் இன்னிக்கு நம்ம படிக்க முடியுது. டூஹிஸ்டரிங்கற வெப்சைட்ல ஒரிஜினல் பக்கமும் டைப் பண்ணதும் ரெண்டும் பார்க்கலாம்.

படி 2: அன்னிக்கே எழுதுனதா, அப்புறம் எழுதுனதா

இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அன்னிக்கு அன்னிக்கே எழுதுனதுன்னா அதுல அவசரம் இருக்கும், தப்பும் இருக்கும். லூயிஸ், கிளார்க்னு ரெண்டு பட்டாள அதிகாரிங்க 1804 மே மாசம் கிளம்பி மிசூரி ஆத்து வழியா பசிபிக் கடல் வரைக்கும் போயிட்டு 1806 செப்டம்பர்ல செயின்ட் லூயிஸ் திரும்புன பயணம் கேள்விப்பட்டிருப்பீங்க. 1805 நவம்பர் 7-ஆம் தேதி கிளார்க் கைக்குறிப்புல, கடல் தெரியுது, ஆஹா என்ன சந்தோஷம்னு எழுதியிருக்கார், ஓஷன்ங்கற வார்த்தைக்கே எழுத்துப் பிழையோட. உண்மையில அவர் பார்த்தது கடல் இல்ல, கொலம்பியா ஆத்தோட அகலமான முகத்துவாரம், கடல் அங்கேர்ந்து இன்னும் சுமார் 20 மைல். இதே நாளுக்கு அவரே தன் பெரிய நோட்டுப் புத்தகத்துல எழுதுன இன்னொரு பதிவு இருக்கு, அதுல கேம்ப்ல எல்லாருக்கும் பெரிய சந்தோஷம்னு கொஞ்சம் அடக்கமா மாறியிருக்கு. ஒரே ஆள், ஒரே நாள், ரெண்டு விதம். தப்பா இருக்கேன்னு இத ஒதுக்கக் கூடாது, ஒண்ணரை வருஷம் நடந்தும் படகு தள்ளியும் வந்த மனுஷனுக்கு அந்த நிமிஷம் என்ன தோணுச்சோ அது அந்தப் பிழையிலதான் இருக்கு.

அடுத்தது பல வருஷம் கழிச்சு எழுதுனது. ஜோசஃப் பிளம் மார்ட்டின், கனெக்டிகட்லேர்ந்து 1776-ல 15 வயசுல, பிரிட்டன எதிர்த்துப் போராடுன பட்டாளத்துல சேர்ந்தவர், தன் கதைய புத்தகமா வெளியிட்டது 1830-ல, அதுவும் தன் பேர் போடாம, அதே ஹாலோவெல் ஊர்ல அச்சடிச்சு. பசிய பத்தி அவர் எழுதுன மாதிரி நான் எங்கயும் படிச்சதில்ல. 1777 கடைசியில நாட்டுக்கே நன்றி சொல்ற நாள்னு காங்கிரஸ் அறிவிச்சப்ப சிப்பாய்ங்களுக்கு விசேஷமா குடுத்தது அரை கில் அரிசி, அதாவது நம்ம காபி டம்ளர்ல பாதிகூட வராது, அதோட ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். 1780 குளிர்காலத்துல பனிக்குள்ள மாட்டிக்கிட்டு நாலு நாள் மரப்பட்டையத் தவிர பெருசா எதுவும் வாயில படலன்னும், சில பேர் பழைய ஷூவ சுட்டுத் தின்னத பார்த்தேன்னும் சொல்றார். அம்பது வருஷம் முந்துனத அவ்ளோ துல்லியமா சொல்ல முடியுமான்னு கேக்கலாம், தேதி, எண்ணிக்கை இதுலலாம் ஜாக்கிரதையா இருங்க, ஆனா ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர மாதிரி விஷயத்த மனுஷன் சாகற வரைக்கும் மறக்க மாட்டான்னு நான் நம்புறேன்.

மூணாவது ரகம்தான் சிக்கலானது, அன்னிக்கே எழுதி அப்புறம் திருத்துனது. 1787 மே 25-லேர்ந்து செப்டம்பர் 17 வரைக்கும் ஃபிலடெல்ஃபியாவுல அரசியலமைப்பு மாநாடு நடந்தப்ப உள்ள பேசுறது வெளிய போகக் கூடாதுன்னு விதி, அதுல ஜேம்ஸ் மேடிசன் முன்னாடி உக்காந்து தெனமும் குறிப்பு எடுத்தார். அது அச்சுல வந்தது 1840-ல, அவர் 1836-ல செத்ததுக்கு அப்புறம். நடுவுல இருந்த வருஷங்கள்ல அவர் அத எடுத்து எடுத்து திருத்தியிருக்கார், 1819-ல வெளியான மாநாட்டோட அதிகாரபூர்வக் குறிப்ப வச்சும் சரிபண்ணியிருக்கார். அதனால மேடிசன் குறிப்பப் படிக்கும்போது 1787-ல 36 வயசு மேடிசன் பேசறாரா, இல்ல ஜனாதிபதியா இருந்து ரிட்டயர் ஆன கிழவர் மேடிசன் பேசறாரான்னு மனசுல ஒரு கேள்வி இருந்துகிட்டே இருக்கணும்.

படி 3: பேனா யார் கையில

மேரி ஜெமிசன்னு ஒரு பொண்ணு, பென்சில்வேனியாவுல சின்ன வயசுல பிடிச்சுட்டுப் போகப்பட்டு செனகாங்கற பூர்வகுடி மக்கள் கூட மகளா வளந்து, திரும்பிப் போக வாய்ப்பு வந்தும் அங்கயே தங்கிட்டாங்க. அவங்க கதை 1824-ல புத்தகமா வந்துச்சு. ஆனா எழுதுனது அவங்க இல்ல, கெழவியான பின்னாடி 1823-ல அவங்க சொல்லச் சொல்ல ஜேம்ஸ் சீவர்ங்கறவர் எழுதுனது. அதே மாதிரி சாக்ங்கற பூர்வகுடி மக்களோட தலைவர் பிளாக் ஹாக், அமெரிக்கப் படையோட நடந்த 1832 போர்ல தோத்ததுக்கு அப்புறம் 1833-ல வந்த அவரோட தன்வரலாறு, அவர் தன் மொழியில சொல்ல, ஆண்ட்வான் லெக்ளேர் மொழிபெயர்க்க, பேட்டர்சன்ங்கற எடிட்டர் அச்சுக்குத் தயார் பண்ணார். மூணு பேர் கை பட்டிருக்கு.

இந்த மாதிரி புத்தகத்த எப்படி படிக்கிறதுன்னா, நான் பென்சில் எடுத்துக்கிட்டு ரெண்டு விதமா கோடு போடுவேன். அலங்காரமா, பைபிள் வாசனையோட, வெள்ளக்காரப் புத்தகத்துல வழக்கமா வர்ற மாதிரி இருக்கற வரிக்கு ஒரு கோடு. சோளம் எப்படி நட்டோம், யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஆத்துத் திருப்பத்துல எங்க ஊர் இருந்துச்சுன்னு எடிட்டருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லாத வரிக்கு இன்னொரு கோடு. ரெண்டாவது கோடு விழுந்த இடத்துலதான் ஜெமிசனும் பிளாக் ஹாக்கும் நம்மகிட்ட பேசறாங்க. பிளாக் ஹாக் 1804 ஒப்பந்தத்த பத்தி எங்க ஜனங்களுக்குத் தெரியாமலே நிலத்த எழுதி வாங்கிட்டாங்கன்னு சொல்ற இடத்த கட்டாயம் படிங்க.

குழந்தை எழுதுன லெட்டர்லகூட பெரியவங்க கை இருக்கும். 1846-47 குளிர்காலத்துல சியரா நெவாடா மலைப் பனியில, கலிஃபோர்னியாவுக்குக் குடியேறப் போன டானர் குழு மாட்டிக்கிச்சே, 80-க்கும் மேல ஆளுங்க, கிட்டத்தட்ட பாதிப் பேர் செத்துப் போனாங்க. அதுல உயிர் தப்புன 13 வயசு வர்ஜீனியா ரீட் 1847 மே 16-ல ஊர்ல இருக்கற உறவுப் பொண்ணுக்கு எழுதுன லெட்டர்ல, குறுக்கு வழில மட்டும் போகாதீங்க, எவ்ளோ வேகமா வர முடியுமோ வந்துடுங்கன்னு சொல்லுது. அந்த லெட்டர்ல அவளோட வளர்ப்பு அப்பா நடுநடுவுல சேர்த்திருக்கார், அப்புறம் இலினாய் பத்திரிகையில வந்தப்ப இன்னும் பாலிஷ் போட்டுட்டாங்க. அதனால எப்பவும் கையெழுத்துப் பிரதிய அப்படியே டைப் பண்ண வடிவத்தத் தேடுங்க, பிழையோட இருந்தா அதுதான் சரியானது.

இன்னொண்ணு, விக்கிறதுக்காக எழுதுனத தனியா வைங்க. டானர் குழு போன அந்தக் குறுக்கு வழிய 1845-ல தன் வழிகாட்டிப் புத்தகத்துல எழுதுன லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ், எழுதும்போது அந்த வழியில ஒரு தடவகூட வண்டி ஓட்டிப் போயிருக்கல.

படி 4: எழுத்து புரியலன்னா

சட்டுனு சொல்லிடறேன். அந்தக் காலத்து நீட்டு எஸ் பார்க்க எஃப் மாதிரியே இருக்கும், பழகிடும். தேதி பக்கத்துல இன்ஸ்டன்ட்னு சுருக்கமா போட்டிருந்தா இந்த மாசம், அல்டிமோன்னு இருந்தா போன மாசம், இது தெரியாம விட்டா தேதி எல்லாம் குழம்பிடும். ஸ்பெல்லிங் தாறுமாறா இருந்தா சத்தமா வாய்விட்டுப் படிங்க, அவங்க பேசுன மாதிரியே எழுதியிருக்கறதால காது புடிச்சுக்கும், கண்ணு புடிக்காது. முதல் அஞ்சு பக்கத்துக்கு டைப் பண்ணத பக்கத்துல வச்சுக்கிட்டு ஸ்கேனப் பாருங்க, அதுக்கு மேல ஸ்கேன மட்டுமே படிக்க முயற்சி பண்ணலாம்.

படி 5: ரெண்டு சாட்சிய பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க

மார்ட்டின் புத்தகத்த படிச்சு முடிச்சதும் அவரோட பென்ஷன் ஃபைலத் தேடுங்க. 1818-ல ஏழை சிப்பாய்ங்களுக்கு பென்ஷன்னு சட்டம் வந்துச்சு, 1820-ல சொத்துக் கணக்கு காட்டணும்னு இறுக்குனாங்க. மார்ட்டின் காட்டுன கணக்குல இருக்கறது ரெண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்னி, அவ்ளோதான். ஒரு நாட்ட உண்டாக்குன பட்டாளத்துல ஏழு வருஷம் இருந்தவரோட மொத்த சொத்து அது. 1830 புத்தகத்துல அங்கங்க வர்ற கோபம் எங்கேர்ந்து வருதுன்னு இந்த ஒரு காகிதம் சொல்லிடும். 1832-ல வந்த இன்னொரு சட்டத்துக்கு அப்புறம் எழுதப் படிக்கத் தெரியாத கிழவருங்ககூட கோர்ட்ல நின்னு எந்தக் கேப்டன் கீழ இருந்தேன், எங்கல்லாம் நடந்தேன்னு வாயால சொல்லி பதிவு பண்ணாங்க. நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இந்த மாதிரி சுமார் 80,000 ஃபைல் இருக்கு, வாலன்டியர்ங்க அத டைப் பண்ணிட்டும் இருக்காங்க, உங்களுக்கு கையெழுத்து படிக்கப் பழகிடுச்சுன்னா நீங்களும் சேரலாம்.

மாநாட்டுக்கு மேடிசன் மட்டும் போதாது, ராபர்ட் யேட்ஸ்னு நியூயார்க் ஆள் ஜூலைலயே கோச்சுக்கிட்டு கிளம்பிட்டார், அவர் குறிப்பு 1821-ல வந்துச்சு. மேரிலாந்து ஆள் ஜேம்ஸ் மெக்ஹென்றி டைரியும் பாருங்க. ஒரு அம்மா ஃபிராங்க்ளின்கிட்ட, டாக்டர், எங்களுக்கு என்ன கெடைச்சிருக்கு, குடியரசா மன்னராட்சியான்னு கேட்டதும், குடியரசுதான், உங்களால காப்பாத்த முடிஞ்சான்னு அவர் சொன்னதும் அதுல இருந்துதான் நமக்குத் தெரியும். கேட்டது பவல் அம்மான்னு மெக்ஹென்றி எழுதியிருக்கார். இப்ப சொல்ற கதையில அவங்க பேரே காணோம், தெருவுல கூட்டம் கூடிக் கேட்டதா மாத்திட்டாங்க, ஒரு பொண்ணு கேட்ட கேள்வி ஊரே கேட்டதா ஆயிடுச்சு.

லூயிஸ் கிளார்க் பயணத்துக்கு நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி வெப்சைட் பெரிய வசதி. ஒரு தேதிய தொட்டா அன்னிக்கு லூயிஸ், கிளார்க், சார்ஜன்ட் ஆர்ட்வே, காஸ், சிப்பாய் வைட்ஹவுஸ் யார் யார் எழுதியிருக்காங்களோ எல்லாம் ஒரே இடத்துல வரும். கேப்டன் நிலத்தையும் செடியையும் பத்தி எழுதற நாள்ல சார்ஜன்ட் தின்ன கறியப் பத்தி எழுதியிருப்பார்.

எழுத்தே இல்லாத சாட்சியும் உண்டு, என் மனசுல ரொம்ப ஒட்டிக்கிட்டது இது. லகோட்டாங்கற பூர்வகுடி மக்கள் ஒரு வருஷத்துக்கு ஒரு படம்னு காட்டெருமைத் தோல் மேல வரைஞ்சு வருஷத்தக் கணக்கு வச்சிருந்தாங்க, குளிர்காலக் கணக்குன்னு பேரு, முதல் பனி விழுந்ததுலேர்ந்து அடுத்த முதல் பனி வரைக்கும் ஒரு வருஷம். வேற வேற ஆளுங்க வரைஞ்ச தோல்கள்ல 1833-34-க்கு நேரா பார்த்தா கிட்டத்தட்ட எல்லாத்துலயும் நட்சத்திரம் கொட்டற படம். 1833 நவம்பர் 12-13 ராத்திரி லியோனிட் எரிநட்சத்திர மழை வட அமெரிக்கா முழுக்க தெரிஞ்சுது, கிழக்குப் பக்கம் வெள்ளக்காரங்க டைரிலயும் பத்திரிகைலயும் அதே ராத்திரி இருக்கு. ஸ்மித்சோனியன் மியூசியம் இந்தக் கணக்குகள ஆன்லைன்ல போட்டிருக்கு, ஒரு படத்த வச்சு மத்த எல்லா வருஷத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

படி 6: எழுதாம விட்டத கண்டுபுடிங்க

அமீலியா ஸ்டூவர்ட் நைட், 1853 ஏப்ரல் 9-ல அயோவாவுலேர்ந்து புருஷன், ஏழு புள்ளைங்களோட ஓரிகானுக்குக் கிளம்புனாங்க. மழை, சேறு, மாடு செத்துப் போறது, புள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போறது, ஈரப் படுக்கையிலேயே தூக்கம்னு தெனம் எழுதறாங்க. ஒரு நாள் 8 வயசு லூசிய ஆத்தங்கரையிலயே விட்டுட்டு வண்டி கிளம்பிடுது, பல மைல் போற வரைக்கும் யாருக்கும் தெரியல, பின்னாடி வந்த இன்னொரு கூட்டம் புள்ளயக் கொண்டு வந்து சேர்க்குது. அங்கங்க இன்னிக்கு உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை மட்டும் வரும். கடைசிப் பக்கத்துக்கு வந்தாதான் செப்டம்பர்ல ரோட்டோரத்துலயே எட்டாவது குழந்தை பொறந்தது நமக்குத் தெரியுது, மொத்தப் பயணமும் அவங்க கர்ப்பமா இருந்திருக்காங்க. திரும்ப முதல் பக்கத்துலேர்ந்து படிங்க, அந்த உடம்பு முடியலங்கற வார்த்தை ஒவ்வொண்ணும் வேற மாதிரி கேக்கும். அந்தக் காலத்துல கர்ப்பத்தப் பத்தி பொம்பளைங்க எழுத மாட்டாங்க, எழுத வேண்டிய அவசியம்னும் நெனைக்கல.

இன்னொரு மௌனம் இதவிட கனமானது. கிளார்க் கூட போன யார்க், அவருக்கு அடிமை. 1805 நவம்பர் 24-ல குளிர்காலத்துக்கு எங்க தங்கலாம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு கிளார்க் எழுதி வச்ச பட்டியல்ல யார்க் கருத்தும் இருக்கு, கூடவே வந்த ஷோஷோனி பூர்வகுடிப் பொண்ணு சகாஜவியா சொன்னதும் இருக்கு, கிழங்கு நெறய கெடைக்கற எடமா இருக்கணும்னு. இத மட்டும் படிச்சா மனசு நெறஞ்சு போகும். ஆனா திரும்பி வந்த பின்னாடி கிளார்க் தன் அண்ணன் ஜோனதனுக்கு எழுதுன லெட்டர்கள் 1988-ல லூயிவில்ல ஒரு வீட்டுப் பரண்ல கெடைச்சுது. யார்க் தன் பொண்டாட்டி இருக்கற லூயிவில் பக்கமே இருக்கணும்னு கேட்டிருக்கான், கிளார்க் விடல, 1809-ல ஒரு லெட்டர்ல அவன நல்லா அடிச்சேன், இப்ப தேவலாம்னு எழுதறார். கருத்துக் கேட்டதும் அதே கை, அடிச்சத எழுதுனதும் அதே கை. யார்க் எழுதுன ஒரு வரிகூட நம்மகிட்ட இல்ல. யார்க்கப் பத்தி எங்க படிச்சாலும், இது எஜமான் வழியா வர்ற செய்தின்னு ஓரத்துல குறிச்சு வச்சுக்கறேன்.

படி 7: முதல் வாரத்துக்கு ஒரு கணக்கு

ஒரு நோட்டுல நாலு கட்டம் போடுங்க: சம்பவம் நடந்த தேதி, எழுதுன தேதி, எழுதுன கை, யாருக்காக. முதல் நாள் அபிகெயில் லெட்டர் மூணு. ரெண்டாவது நாள் கிளார்க்கோட நவம்பர் 7, ரெண்டு வடிவமும். மூணாவது நாள் நவம்பர் 24 பட்டியல், அன்னிக்கு மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னும் பாருங்க. நாலாவது, அஞ்சாவது நாள் அமீலியா நைட், ஒரே மூச்சுல படிக்கலாம், பெருசில்ல. ஆறாவது நாள் மார்ட்டின் எழுதுன 1777 குளிர்காலம் மட்டும். ஏழாவது நாள் மார்த்தா பலார்ட் டைரில உங்க பொறந்த நாள் எந்தத் தேதியோ அந்தத் தேதிய 1785-லேர்ந்து வருஷா வருஷம் தொறந்து பாருங்க, கடைசிப் பதிவு 1812 மே 7 வரைக்கும். அன்னிக்கு ஹாலோவெல்ல பனி பேஞ்சுதா, யார் வீட்டுலேர்ந்து கூப்பிட ஆள் வந்துச்சு, ஆத்த எப்படித் தாண்டுனாங்க, பொறந்தது ஆணா பொண்ணான்னு ஒவ்வொண்ணா எழுதிக்கோங்க.